இரும்பும் மின்சாரமும் நிலத்தடி நீரின் நஞ்சும்

நிலத்தடி நீரில் கரைந்துள்ள கன உலோகம் தானாகச் சிதைந்து மறைவதில்லை. சாக்கடைக் கழிவை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கின்றன. பூச்சிக்கொல்லி மூலக்கூறுகூட ஆண்டுகள் கழித்தாவது உடைந்துபோகிறது. ஈயம், காட்மியம், நிக்கல், பாதரசம், குரோமியம், ஆர்சனிக் ஆகியவை தனிமங்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்தாலும், குளோரின் கலந்தாலும், வெயிலில் வைத்தாலும் அந்த அணு அப்படியேதான் இருக்கும். (வேதியியலின் கறாரான கணக்கில் ஆர்சனிக் உலோகம் ஆகாது, உலோகப்போலிதான், நீர்த்துறையில் மட்டும் அதையும் இந்த வரிசையில் சேர்த்து எண்ணுவது வழக்கம்.) எனவே சுத்திகரிப்பு என்ற பெயரில் செய்யக்கூடியது மூன்று படிகளே: கரைந்த நிலையில் இருப்பதைக் கரையாத நிலைக்கு மாற்றுவது, அதை நீரிலிருந்து பிரித்தெடுப்பது, பிரித்ததை மறுபடி கரையாதவாறு ஓரிடத்தில் வைப்பது. முதல் படியைப் பற்றி ஆயிரக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகள் உண்டு. மூன்றாம் படியைப் பற்றிய எழுத்து அந்த அளவுக்கு இல்லை. பல திட்டங்கள் தடுமாறுவதும் அங்கேதான்.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரக்குறியீடு (ஐ.எஸ். 10500, 2012) ஒரு லிட்டர் நீரில் ஆர்சனிக் 0.01 மில்லிகிராம், ஈயம் 0.01, காட்மியம் 0.003, பாதரசம் 0.001, நிக்கல் 0.02, மொத்தக் குரோமியம் 0.05 மில்லிகிராம் என வரம்பு வைத்திருக்கிறது. ஆயிரம் லிட்டர் தொட்டி முழுவதிலும் 10 மில்லிகிராமுக்கு மேல் ஆர்சனிக் இருந்தால் அது குடிக்கத் தகாத நீர். நிறமோ மணமோ சுவையோ இதைக் காட்டிக்கொடுக்காது. சுத்திகரிப்பாளரின் சிக்கலும் இந்த எண்களிலேயே தெரிகிறது: தேடும் பொருள் மிகக் குறைவு, கூடவே கால்சியம், பைகார்பனேட், சிலிக்கேட், பாஸ்பேட், குளோரைடு என்று வேண்டாத கூட்டம் நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு அதிகம்.

இந்தத் துறையின் வேதியியலை விளக்க இரண்டு ஊர்கள் போதும். ஒன்றில் நஞ்சை வைத்தது இயற்கை. மற்றதில் ஒரு தொழிற்சாலை. இரண்டுக்கும் மருந்தாகக்கூடியது மின்சாரம் பாய்ந்த சாதாரண இரும்புத் தகடு. ஆனால் அந்தத் தகடு இரண்டு இடங்களிலும் நேரெதிரான வேலையைச் செய்கிறது.

வங்காளத்தின் அடிபம்புகள்

வங்கச் சமவெளியில் ஒரு காலத்தில் குளத்து நீரும் ஆற்று நீரும்தான் குடிநீர். காலராவும் வயிற்றுப்போக்கும் குழந்தைகளை வாரிக்கொண்டு போயின. 1970-களில் யுனிசெஃப் உள்ளிட்ட அமைப்புகளின் துணையோடு ஆழமில்லாத குழாய்க் கிணறுகள் லட்சக்கணக்கில் இறக்கப்பட்டன. கிருமியற்ற நீர் கிடைத்தது. அதில் ஆர்சனிக் இருக்குமா என்று அன்று எவரும் சோதிக்கவில்லை. 1983-இல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் தோல் மருத்துவர் கே. சி. சாகா, உள்ளங்கையும் பாதமும் தடித்து, உடலில் கரும்புள்ளிகள் பரவிய நோயாளிகளைக் கண்டு, காரணம் கிணற்று நீரின் ஆர்சனிக் என்று இனங்காட்டினார். யாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்ரவர்த்தி அடுத்த பல ஆண்டுகள் மாவட்டம் மாவட்டமாகக் கிணற்று நீரை அளந்தார். வங்கதேசத்தில் இது 1993-இல் உறுதியானது. அங்கே சோதித்த அடிபம்புகளில் ஆகாதவற்றுக்குச் சிவப்பும், ஆகுபவற்றுக்குப் பச்சையும் பூசினார்கள். ஒரு மக்கள்திரளுக்கு நேர்ந்த நஞ்சூட்டல்களில் வரலாற்றிலேயே இதுதான் மிகப் பெரியது என்று 2000-இல் கொள்ளைநோயியல் அறிஞர் ஆலன் ஸ்மித் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் எழுதினார்.

இந்த ஆர்சனிக் எந்த ஆலையிலிருந்தும் வந்ததன்று. இமயமலைப் பாறைகள் சிதைந்து, கங்கையும் பிரம்மபுத்திராவும் சுமந்துவந்த வண்டலில் மணல்துகளின் மேல் இரும்புத் துரு பூச்சாக ஒட்டியிருக்கிறது. அந்தத் துருவின் பரப்பில் ஆர்சனிக் பிடிபட்டிருக்கிறது. வண்டலோடு புதைந்த தாவர எச்சங்களை நுண்ணுயிர்கள் தின்னும்போது மண்ணிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. பிறகு அந்த உயிரிகள் ஆக்சிஜனுக்குப் பதில் துருவையே பயன்படுத்தத் தொடங்குகின்றன. ஃபெரிக் இரும்பு கரையக்கூடிய ஃபெரஸ் இரும்பாகிறது. பற்றியிருந்த துரு கரைந்ததும் ஆர்சனிக்கும் நீருக்கு வந்துவிடுகிறது. நிலத்துக்கடியில் துரு கரைந்ததால் வந்த வினை இது. மேலே கொண்டுவந்த நீரில் மறுபடியும் துருவை உண்டாக்கிவிட்டால் வினை திரும்பிப்போகும் என்பது மின்வேதி முறையின் அடிப்படை.

ராணிப்பேட்டையின் மஞ்சள் நீர்

தோல் பதனிடும் தொழிலுக்கு அடிப்படைக் குரோமியம் சல்பேட் வேண்டும். அதையும் சோடியம் டைகுரோமேட்டையும் தயாரிக்க, ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் என்ற ஆலை 1970-களின் நடுவில் தொடங்கி 1990-களின் நடுவில் மூடப்பட்டது. குரோமைட் தாதுவைச் சோடா உப்போடும் சுண்ணாம்போடும் காற்றோட்டமுள்ள உலையில் வறுத்து, நீரால் கரைத்தெடுப்பது அங்கே நடந்த வேலை. எடுத்தது போக மிஞ்சிய சக்கையிலும் கரையும் குரோமேட் இருக்கும். இரண்டு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட சக்கை ஆலை வளாகத்திலேயே திறந்தவெளியில் கொட்டிக் கிடந்தது. மழை பெய்யும்தோறும் அதிலிருந்து கசிந்த மஞ்சள் நீர் நிலத்தில் இறங்கியது. உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களென அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் 2006-இல் வெளியிட்ட பட்டியலில், செர்னோபிலுக்குப் பக்கத்தில் ராணிப்பேட்டையின் பெயரும் இருந்தது.

வேலூர் வட்டாரத்துத் தோல் ஷாப்புகளின் கழிவையும் இந்த ஆலைக் கழிவையும் ஒன்றாகக் கருதும் வழக்கம் பரவலாக உண்டு. இரண்டும் வேறு. தோல் பதனிடும் தொட்டியிலிருந்து வருவது குரோமியம்-3 (எண் ஆக்சிஜனேற்ற நிலையைக் குறிக்கும்). அது நடுநிலையான நீரில் எளிதில் வீழ்படிவாகி, வண்டலிலேயே தங்கிவிடும். குரோமேட் ஆலையின் சக்கையிலிருந்து வருவது குரோமியம்-6. அது எதிர்மின் சுமையுள்ள குரோமேட் அயனி. களிமண்ணும் எதிர்மின் சுமை கொண்டதாகையால் அதை மண் பிடித்து நிறுத்துவதில்லை. நிலத்தடி நீர் போகும் வழியெல்லாம் கூடவே போகும். செல்லுக்குள் எளிதில் புகும், புற்றுநோய் உண்டாக்கும். குரோமியத்தைப் பொறுத்தவரை நீரில் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு முன்னால் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

ஆர்சனிக்கின் கணக்கு இதற்குத் தலைகீழ். ஆக்சிஜனற்ற ஆழத்திலிருந்து வரும் ஆர்சனிக்-3, நடுநிலை நீரில் மின்சுமையே இல்லாத மூலக்கூறாக இருக்கிறது. எதனோடும் சரியாக ஒட்டாது. வீடுகளில் உள்ள ஆர்.ஓ. சவ்வுகூட அதை ஆர்சனிக்-5 அளவுக்குத் தடுப்பதில்லை. ஆக்சிஜனேற்றம் அடைந்து ஆர்சனிக்-5 ஆனால் எதிர்மின் சுமை பெற்று, துருவின் பரப்பில் இறுகப் பற்றிக்கொள்கிறது. சுருங்கச் சொன்னால், ஆர்சனிக்கை அடக்க எலக்ட்ரானைப் பறிக்க வேண்டும். குரோமியத்தை அடக்க எலக்ட்ரானைக் கொடுக்க வேண்டும்.

தகடு கரையும் கணக்கு

மின்சாரத்தால் அழுக்கு நீரைத் தெளியவைக்கும் எண்ணம் புதிதன்று. 1889-இல் லண்டனில் கழிவுநீரை இம்முறையில் சுத்திகரித்துப் பார்த்தார்கள். இரும்பு, அலுமினியத் தகடுகளைக் கரையவிடும் முறைக்கு 1909-இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. மின்சாரம் விலை மிகுந்த பண்டமாக இருந்த காலம் அது. படிகாரத்தைக் கொட்டிக் கலக்குவது மலிவாக இருந்தது. எண்ணம் கிடப்பில் போனது. தமிழ்நாட்டில் இத்துறைக்கு ஓர் இல்லம் அமைந்தது காரைக்குடியில். டாக்டர் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்ட, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் அது. ஊரார் அதைச் 'சிக்ரி' என்றே சொல்வார்கள். அரிமானமும் மின்முலாமும் மின்கலமும் அதன் முதன்மையான பணிகள். கழிவுநீரின் மின்வேதியியலும் அங்கே வளர்ந்தது.

கருவியில் மறைபொருள் எதுவும் இல்லை. நீர் நிறைந்த தொட்டியில் இரும்புத் தகடுகள் ஒன்றுவிட்டு ஒன்றாகத் தொங்குகின்றன. ஒரு வரிசை நேர்மின்வாய், மற்றது எதிர்மின்வாய். நேர்த்திசை மின்னோட்டம் பாய்கிறது. நேர்மின்வாயில் இரும்பணு இரண்டு எலக்ட்ரான்களை விட்டுவிட்டு ஃபெரஸ் அயனியாக நீரில் இறங்குகிறது. எதிர்மின்வாயில் நீர் பிளந்து ஹைட்ரஜன் வாயுவும் ஹைட்ராக்சைடு அயனியும் உண்டாகின்றன. இரும்பை உப்பாகக் கொட்டினால் கூடவே குளோரைடோ சல்பேட்டோ சேரும், நீர் புளிக்கும். மின்சாரத்தால் இறக்கினால் இரும்பு மட்டுமே வரும். இம்முறைக்கு மின்திரட்டல் என்று பெயர்.

எவ்வளவு இரும்பு இறங்கும் என்பதை ஃபாரடே 1830-களிலேயே சொல்லிவிட்டார். பாய்ந்த மின்னூட்டத்துக்கும் கரைந்த உலோகத்துக்கும் மாறாத விகிதம் உண்டு. ஒரு கூலும் மின்னூட்டம் 0.29 மில்லிகிராம் இரும்பைக் கரைக்கும். ஓர் ஆம்பியர் ஒரு மணி நேரம் பாய்ந்தால் ஏறத்தாழ 1.04 கிராம். லிட்டருக்கு 300 கூலும் கொடுப்பதாக வைத்துக்கொண்டால் ஒரு லிட்டருக்கு 87 மில்லிகிராம் இரும்பு. நாளொன்றுக்கு 10,000 லிட்டர் நீருக்கு 870 கிராம் இரும்பும் 833 ஆம்பியர்-மணி மின்னூட்டமும் தேவை. தகடுகளுக்கிடையே 3 வோல்ட் இருந்தால் மின்செலவு 2.5 யூனிட். ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கும் அதைச் சுற்றியுள்ள தெருக்களுக்கும் போதுமான குடிநீருக்கு ஆகும் மின்சாரம் இவ்வளவுதான். பம்புக்கும் மற்றவற்றுக்கும் ஆவது தனி. நீரின் கடத்துதிறன் குறைந்தாலோ தகடுகளின் இடைவெளி கூடினாலோ வோல்ட் ஏறும், செலவும் ஏறும். இரும்பின் அளவு மட்டும் மாறாது. அளவைக் கூட்டவோ குறைக்கவோ ஒரு குமிழைத் திருப்பினால் போதும் என்பதுதான் வேதிப்பொருளை அளந்து கொட்டும் முறையைவிட இதற்குள்ள பெரிய வசதி.

ஒரே இரும்பு, இரு வழி

ஆர்சனிக் நீரில் இறங்கிய ஃபெரஸ் இரும்பை, நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் ஃபெரிக் இரும்பாக்குகிறது. அப்போது சில நொடிகூட நிலைக்காத, மிக வீரியமுள்ள இடைநிலைப் பொருள்கள் தோன்றுகின்றன. ஆக்சிஜன் தனியாக இருந்தால் நாள்கணக்கில் முடியாத ஆர்சனிக்-3-இன் ஆக்சிஜனேற்றத்தை அவைதான் செய்து முடிக்கின்றன. அதே நொடியில் புதிதாகப் பிறக்கும் துருத்துகள், ஆர்சனிக்-5-ஐத் தன் பரப்பில் கட்டிக்கொள்கிறது. குளோரினோ பெர்மாங்கனேட்டோ தனியாகச் சேர்க்க வேண்டியதில்லை.

இங்கே ஆக்சிஜன்தான் கட்டுப்படுத்தும் சரக்கு. நான்கு இரும்பணுக்களுக்கு ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு தேவை. மேலே கண்ட 87 மில்லிகிராம் இரும்புக்கு 12 மில்லிகிராமுக்கும் சற்று மேலான ஆக்சிஜன் வேண்டும். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் தாங்குவதோ 7.5 மில்லிகிராம். ஆழத்திலிருந்து வந்த நீரில் அதுவும் இருக்காது. ஆகவே மின்னோட்டத்தை அவசரமாகக் கொடுத்தால் இரும்பு இறங்கும், துரு ஆகாது. காற்றை ஊதியோ நீரைக் கலக்கியோ, ஆக்சிஜன் சேரும் வேகத்துக்கு ஏற்ப மின்சாரத்தை மெதுவாகக் கொடுக்க வேண்டும். பி.எச். அளவும் முக்கியம்: அது ஓர் அலகு உயர்ந்தால் ஃபெரஸ் இரும்பு துருவாகும் வேகம் சுமார் நூறு மடங்கு கூடும்.

வேண்டாத கூட்டம் என்று முன்பு சொன்னதில் ஆர்சனிக்குக்குப் பெரும் போட்டி பாஸ்பேட். ஆர்சனிக்கும் பாஸ்பரசும் ஒரே குடும்பத்துத் தனிமங்கள். அயனியின் வடிவமும் ஒன்றே. துருவுக்கு இரண்டையும் பிரித்தறியத் தெரியாது. சிலிக்கேட்டும் இடத்தை அடைத்துக்கொள்ளும். துருத்துகள்கள் பெரிதாகத் திரளவும் விடாது. கால்சியம் இருந்தால் நல்லது, திரள உதவும். லிட்டருக்கு 0.25 மில்லிகிராம் ஆர்சனிக்கைப் பிடிக்க 87 மில்லிகிராம் இரும்பு, அதாவது எடையில் 350 மடங்கு கேட்பதற்கு இந்தக் கூட்டமே காரணம். ஆய்வகத்தில் வாலை வடிநீரில் ஆர்சனிக்கைக் கலந்து, பத்தில் ஒரு பங்கு இரும்பிலேயே முழுதும் நீக்கியதாகக் காட்டும் சோதனைகள் களத்தில் பொய்த்துப்போவதும் இதனால்தான்.

குரோமியத்தில் கதை வேறு. இறங்கிய ஃபெரஸ் இரும்பு தன் எலக்ட்ரானை நேரே குரோமேட்டுக்குக் கொடுக்கிறது. மூன்று ஃபெரஸ் அயனிகள் சேர்ந்து ஒரு குரோமியம்-6-ஐக் குரோமியம்-3 ஆக்குகின்றன. இரண்டும் கலப்பு ஹைட்ராக்சைடாக வீழ்கின்றன. ஒரு மில்லிகிராம் குரோமியத்துக்கு 3.2 மில்லிகிராம் இரும்பு, 11 கூலும். லிட்டருக்கு 10 மில்லிகிராம் குரோமியம் உள்ள மோசமான நீருக்குக்கூட 32 மில்லிகிராம் இரும்பு போதும் என்பது வாய்பாட்டுக் கணக்கு. ஆர்சனிக்குக்கு ஆன 350 மடங்கோடு ஒப்பிட்டால் இது மலிவு. அங்கே நடப்பது பரப்பில் ஒட்டுதல், இங்கே நடப்பது நேரடி வேதிவினை. ஆனால் ஆர்சனிக்குக்கு நண்பனான ஆக்சிஜன் இங்கே திருடன். குரோமேட்டுக்குப் போக வேண்டிய ஃபெரஸ் இரும்பை அது தின்றுவிடும். பி.எச். 8-க்குக் கீழே குரோமேட் முந்திக்கொள்ளும். அதற்கு மேலே போனால் ஆக்சிஜனின் கை ஓங்கும். எனவே ஆர்சனிக் தொட்டியில் காற்றை ஊதுகிறவர்கள் குரோமியத் தொட்டியில் வேலை முடியும்வரை காற்றை அடைத்துவைக்க வேண்டும். ஒரு ஊரில் நன்றாக ஓடிய கருவியை அப்படியே இன்னொரு ஊரில் நிறுவ முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

தப்தபி பள்ளி

ஆய்வகத்துக்கு வெளியே இம்முறை எப்படி நடந்தது என்பதற்கு மேற்கு வங்கமே சான்று. கலிஃபோர்னியாவில் உள்ள லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தின் அசோக் காட்கில், புற ஊதாக் கதிரால் குடிநீரைக் கிருமிநீக்கும் மலிவுக் கருவியை வடிவமைத்து முன்பே அறியப்பட்டவர். அவரும் சூசன் அம்ரோஸ் முதலானோரும் யாதவ்பூர் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இரும்புத் தகட்டு முறையை ஊர்ப்புறத்துக்கு ஏற்றவாறு வடிவமைத்தனர். முர்ஷிதாபாத் மாவட்டத்தின் அமீராபாத் பள்ளியில் 600 லிட்டர் தொட்டியில் சில மாதங்கள் ஓட்டிப் பார்த்தார்கள். பிறகு கொல்கத்தாவுக்குத் தெற்கே, தெற்கு 24 பர்கானா மாவட்டத்தின் தப்தபி உயர்நிலைப் பள்ளி வளாகத்தில் நாளொன்றுக்கு 10,000 லிட்டர் திறனுள்ள நிலையம் அமைந்து 2016 முதல் நீர் வழங்கியது. கிணற்று நீரில் லிட்டருக்கு 250 மைக்ரோகிராம் அளவில் இருந்த ஆர்சனிக், வெளிவரும் நீரில் 5-க்கும் கீழே இறங்கியது. வரம்பு 10.

நிலையத்தின் வடிவமைப்பில் கவனிக்க வேண்டியது வேதியியலைவிட அதன் பொருளாதாரம். பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் நீர் இலவசம். சுற்றுவட்டாரத்தாருக்குச் சிறு விலை. அந்த வருவாயில்தான் இயக்குநரின் சம்பளமும் தகடும் மின்சாரமும் பராமரிப்பும். இதற்கு முன் வங்காளத்தில் நன்கொடையாக நிறுவப்பட்ட ஆர்சனிக் வடிகட்டிகளில் பெரும்பகுதி சில ஆண்டுகளிலேயே துருப்பிடித்துக் கைவிடப்பட்டன. திறப்பு விழாவுக்குப் பணம் இருந்தது, மூன்றாம் ஆண்டு வடிபொருளை மாற்றப் பணம் இல்லை. மின்திரட்டலில் மாற்ற வேண்டியது உள்ளூர் இரும்புக் கடையில் கிடைக்கும் தகடு என்பதால் அந்தச் சங்கிலி அவ்வளவு எளிதில் அறுபடாது.

துருத்துகள்கள் தாமாக அடியில் தங்க நெடுநேரம் ஆகும். அதனால் சிறிது படிகாரம் சேர்த்துத் திரளவைத்து, சாய்வான குழாய்கள் அடுக்கிய தொட்டியில் படியவிடுகிறார்கள். இந்தப் படியும் வேதியியல் அளவுக்கு முக்கியம். ஆர்சனிக்கைக் கட்டிக்கொண்ட துகள் வடிகட்டியைத் தாண்டிக் குவளைக்குள் வந்துவிட்டால் முன்னால் செய்தது முழுவதும் வீண்.

தகடுகளும் காலப்போக்கில் முரண்டு பிடிக்கும். நேர்மின்வாயின் மேல் ஆக்சைடுப் படலம் மூடினால் பாயும் மின்சாரத்தின் ஒரு பகுதி இரும்பைக் கரைக்காமல் வேறு வேலை செய்யும். ஃபாரடே கணக்கு தப்பும். எதிர்மின்வாய்க்கு அருகே நீர் காரமாவதால் கால்சியம் கார்பனேட் படியும். கெட்டிலின் அடியில் படியும் அதே சுண்ணாம்பு. சுரண்டித் துடைப்பது ஒரு வழி. நேரும் எதிரும் அவ்வப்போது மாறும்படி மின்னோட்டத்தின் திசையைத் திருப்புவது இன்னொன்று. அலுமினியத் தகடுகளுக்கு இது நன்றாகப் பயன்படுகிறது. இரும்பில் அடிக்கடி திருப்பினால் கரையும் இரும்பே குறைந்துவிடுகிறது.

ஆக்சிஜன் போதாமைக்கு அண்மைக் காலத்தில் ஒரு தீர்வு வந்திருக்கிறது. எதிர்மின்வாயில் இரும்புக்குப் பதில் நுண்துளைக் கார்பன் தகட்டை வைத்து, அதன் ஒரு பக்கத்தைக் காற்றுக்குத் திறந்துவிடுகிறார்கள். காற்றின் ஆக்சிஜன் அதனூடே வந்து, வீணாக ஹைட்ரஜன் வெளிவந்த இடத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறது. ஃபெரஸ் இரும்பை அது ஆக்சிஜனைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வேகமாக ஆக்சிஜனேற்றும். மணிக்கணக்கில் நடந்த வேலை ஒரு நிமிடத்துக்குள் முடிகிறது. பெரிய தொட்டிகள் தேவையில்லை. நிலத்தடி நீரில் ஆர்சனிக் உள்ள கலிஃபோர்னியாவின் ஆலன்ஸ்வொர்த் என்ற சிற்றூரில் இதே காட்கில் குழு இதைக் களத்தில் சோதித்தது. கார்பன் தகடு எத்தனை ஆண்டு தாங்கும் என்பதைப் பொறுத்தே இதன் செலவு அமையும்.

மற்ற உலோகங்களும் மற்ற கலங்களும்

ஈயமும் செம்பும் மின்திரட்டலில் எளிதில் அகலும்; எதிர்மின்வாய் தரும் காரத்தன்மையும் துருவின் பரப்பும் சேர்ந்து அவற்றைப் பிடிக்கும். நிக்கலும் காட்மியமும் ஹைட்ராக்சைடாக வீழ பி.எச். 9, 10 வரை போக வேண்டும், குடிநீரில் அது சங்கடம். மின்முலாம் பூசுவதைப் போல உலோகத்தை எதிர்மின்வாயில் நேரடியாகப் படியவைத்து மீட்பது கேட்க நன்றாக இருக்கும். கழிவின் செறிவு அதிகமுள்ள முலாம் பட்டறைக்கு அது பொருந்தும். லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவாக உள்ள கிணற்று நீரில் அயனிகள் தகட்டை வந்தடைவதே அபூர்வம். மின்சாரம் பெரும்பாலும் நீரைப் பிளப்பதிலேயே கழியும். நுண்துளைக் கார்பன் மின்வாய்களுக்கிடையே 1.2 வோல்ட் அளவில் மின்னழுத்தம் கொடுத்து அயனிகளை ஈர்த்து வைத்துக்கொள்ளும் முறையும் உண்டு. உப்பு நீக்க அது ஏற்றது. ஆனால் அதில் பிடிபட்டது மின்வாய்களை மீளாக்கும்போது செறிந்த கரைசலாக வெளியேறுகிறது, ஆர்.ஓ. கருவியின் கழிவுக் குழாய்க்கு உள்ள சிக்கல் இதற்கும் உண்டு.

நிலத்துக்குள்ளேயே

நீரை மேலே ஏற்றாமல் இருந்த இடத்திலேயே சுத்திகரிக்கவும் இரும்பு பயன்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் வட கரோலினாவில் எலிசபெத் சிட்டி கடலோரக் காவல் படைத் தளத்தில் முலாம் பட்டறையின் கசிவால் குரோமியம்-6 நிலத்தடி நீரில் பரவியிருந்தது. 1996 ஜூனில், நீரோட்டத்துக்குக் குறுக்கே 46 மீட்டர் நீளம், 7.3 மீட்டர் ஆழம், 0.6 மீட்டர் அகலத்தில் இரும்புத் துருவல் நிரப்பிய சுவரைப் புதைத்தார்கள். வெளியிலிருந்து மின்சாரம் கிடையாது. இரும்பு தானே அரித்து எலக்ட்ரானைக் கொடுக்கிறது. சுவரினூடே கடந்து வந்த நீரில் குரோமேட் வரம்புக்குக் கீழே இறங்கியது. மின்திரட்டல் தொட்டியில் மணிக்கணக்கில் செய்வதை அரிமானம் ஆண்டுக்கணக்கில் செய்கிறது.

நீர் எளிதில் புகாத களிமண்ணுக்கு இந்தச் சுவர் உதவாது. 1809-இல் மாஸ்கோவில் ராய்ஸ் என்பவர் ஈரக் களிமண்ணில் மின்சாரம் பாய்ச்சியபோது நீர் எதிர்மின்வாயை நோக்கி நகரக் கண்டார். அந்த நிகழ்வையும், அயனிகள் தத்தம் எதிர்ச்சுமை மின்வாயை நோக்கி நகர்வதையும் கொண்டு, மண்ணில் மின்வாய்களை நட்டு உலோகத்தை ஒரு மூலைக்கு ஓட்டிச் சேர்ப்பது மின்னியக்க முறை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் களத்தில் செய்திருக்கிறார்கள். மாதக்கணக்காகும், மின்செலவும் அதிகம். சிறு பரப்பில் செறிந்து கிடக்கும் மாசுக்கே அது கட்டுபடியாகும். ஒரு வட்டாரத்தின் நீர்த்தாங்கி முழுவதற்கும் இல்லை.

ராணிப்பேட்டை போன்ற இடத்தில் எந்த முறைக்கும் முன்னால் செய்ய வேண்டியது சக்கைக் குவியலை மழையிலிருந்து பிரிப்பது. மேலே குவியல் திறந்து கிடக்க, கீழே நீரை இறைத்துச் சுத்திகரித்தால் ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்கும் கணக்கு மறுபடி தொடங்கும்.

கசடு எங்கே போகும்

தப்தபி அளவிலான நிலையத்தின் கணக்கை முடித்துப் பார்க்கலாம். நாளுக்கு 870 கிராம் இரும்பு, உலர்ந்த துருவாக ஏறத்தாழ 1.4 கிலோ. அதில் 2.5 கிராம் ஆர்சனிக். ஆண்டில் 300 நாள் ஓடினால் 400 கிலோவுக்கும் மேற்பட்ட கசடு, அதற்குள் முக்கால் கிலோ ஆர்சனிக். காற்றுப் படும் வரை இது பத்திரம்; துரு விடாது. குளத்தங்கரைச் சேற்றிலோ சாணிக் குழியிலோ கொட்டினால், ஆக்சிஜனற்ற அந்த இடத்தில் நுண்ணுயிர்கள் துருவைத் தின்று ஆர்சனிக்கை விடுவிக்கும். வண்டலுக்கடியில் ஆயிரமாயிரம் ஆண்டுகளில் நடந்தது குழிக்குள் சில மாதங்களில் நடக்கும். அப்படிச் செய்துவிட்டால் ஊருக்கு நன்மை எதுவும் இல்லை, கிணற்றிலிருந்த நஞ்சு குளத்துக்கு இடம் மாறியிருக்கும். சிமெண்ட் கலவையில் இக்கசடைச் சேர்த்துக் கான்கிரீட்டாக இறுக்கும் முறையைத் தப்தபியின் கசடைக் கொண்டே ஆராய்ந்து, கசிவு மிகக் குறைவு என்று கண்டிருக்கிறார்கள்.

குரோமியக் கசடுக்கு இதே விதி பொருந்தாது. ஆக்சிஜனற்ற சேறு அதற்கு ஆபத்தில்லை; மாங்கனீசு டை ஆக்சைடு உள்ள மண் ஆபத்து, அது குரோமியம்-3-ஐ மெல்ல மெல்லக் குரோமியம்-6 ஆக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து செங்கல் சூளை. கசடைக் களிமண்ணில் கலந்து கல் அறுத்துச் சுட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று தோன்றும். சுண்ணாம்பு கலந்த மண்ணைக் காற்றோட்டமுள்ள சூளையில் சுடும்போது கசடின் குரோமியம் மீண்டும் குரோமேட்டாகும். ராணிப்பேட்டை ஆலையின் வறுப்பு உலையில் வேண்டுமென்றே செய்த வேலையும் அதுதான். ஆகவே அபாயகரக் கழிவுக்கான 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி, கசிவுச் சோதனை முடித்து, தேவையானால் சிமெண்டால் இறுக்கி, கும்மிடிப்பூண்டியில் உள்ளது போன்ற உறையிட்ட நிலநிரப்புக் குழிக்கே இக்கசடு போக வேண்டும். அந்த வண்டி வாடகையையும் குழிக் கட்டணத்தையும் ஒரு லிட்டர் நீரின் விலையில் முதல் நாளிலிருந்தே சேர்த்துக் கணக்கிட வேண்டும்.